காயாத பெயிண்ட்

ரிசார்ட் வாசலில் காட்சிக்கு வைக்க, பழைய பாய்மரப் படகு ஒன்று பெருமாநல்லூருக்கு, நாச்சிமுத்துவின் பட்டறைக்கு வந்தது. பாய் தைக்க பனியன் கம்பெனி டெய்லர் விஜயராணியை அழைத்திருந்தார். அவள் தூத்துக்குடிக்காரி. அவள் பள்ளியில் படிக்கும்போது கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை.

“இது எந்த மாடலுங்க அம்மிணி? எத்தன வருசமிருக்கும்?”

“எங்கூரு வள்ளம்லா அண்ணாச்சி. மூக்கப் பாத்தாலே தெரியும். வயசு அடிப் பெயிண்டுலதான் தெரியும்.”

இருவரும் சுரண்டினார்கள். மேலே இருந்த நீலம் செதிலாக உதிர்ந்தது. அதன் கீழே பச்சை, ஒரு வெடிப்புகூட இல்லை. அதற்கும் கீழே சிவப்பு பளபளத்தது. பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தாள். துணியில் சிவப்பு ஒட்டியது.

“ஈரமா இருக்குதுங்களே!”

துணிகளை நிறம் பார்த்து ஷேடு பிரித்துப் பழகிய கண் அவளுக்கு. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது அப்பா தன் வள்ளத்துக்குக் கலக்கும் சிவப்பு.

“அடிச்சவங்க தூரமா போயிருக்க மாட்டாவ, அண்ணாச்சி.”

மண்ணெண்ணெயில் கை கழுவினார்கள். வந்த டீயை மூன்று டம்ளரில் ஊற்றி, ஒன்றைப் படகின் பலகைமேல் வைத்தாள். வாசலில் நின்று குடித்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

மூன்றாவது டம்ளர் காலியாக இருந்தது. அதில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

விஜயராணி இன்னொரு டீ வாங்கப் போனாள்.