உரம் விழவில்லை

சேலையின் ஒரு முனை அவள் மாமியார் கையில். மறுமுனை உரம் எடுக்க வந்த பூரணத்தம்மாள் கையில். நடுவே, பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத அவள் மகள் இப்படியும் அப்படியும் உருண்டுகொண்டிருந்தாள்.

கழுத்தில் உரம் விழுந்துவிட்டதாம், சுளுக்காம். அதனால்தான் தூக்கினால் வீறிடுகிறாளாம்.

உடம்பு அனலாகக் கொதிக்கிறதே, அது எதனால்?

பெற்றவள் சேலைக்குள் கைவிட்டுப் பிள்ளையை அள்ளினாள்.

தீட்டாவது ஒன்றாவது. செருப்புகூடப் போடாமல் ஆட்டோவில் ஏறினாள். கணவனும் மாமியாரும் பின்னாலேயே வந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். புடைத்திருந்தது.

"தூக்கினா அடங்குறாளா?"

"இல்ல டாக்டர். தூக்கினாத்தான் அழுவுறா. கீழ விட்டா அடங்கிடுறா."

பிள்ளை தூக்கத் தெரியாதவள் என்று வீட்டில் பேர் வாங்கியாகிவிட்டது.

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார் டாக்டர். அசைத்தாலே வலிக்கும், அதனால்தான் அழுகிறாள். முதுகுத்தண்டில் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும்.

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"முதுகுல குத்துனா காலு விளங்காமப் போயிரும். நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

கணவன் தரையைப் பார்த்தான். அவளுக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நான் சொல்றேன். எடுங்க டாக்டர்."

பெற்றவர்கள் வெளியே நிற்க வேண்டுமாம். அவள் நகரவில்லை. நர்ஸ் குழந்தையை ஒருக்களித்து வளைத்துப் பிடித்தார். அவள் அந்தச் சின்னப் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி இறங்கியது. அவள் கண்ணை மூடவில்லை.

நீர் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் விழுந்தது.

சோதனை முடிவு வரும்வரை பிஞ்சுக் கையில் மருந்து ஏறிக்கொண்டே இருந்தது.

முடிவு வந்தது. பாக்டீரியா இல்லை, வைரஸ்தான். மற்றதாக இருந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இது பெரும்பாலும் தானாகவே அடங்கும், சில நாள் இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மாமியாருக்கு வாய் திரும்ப வந்துவிட்டது.

"வெறும் வைரசாம். இதுக்கா பச்சப்புள்ளய முதுகுல குத்தச் சொன்ன?"

அவள் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வெறும் வைரஸ்னு எப்படித் தெரிஞ்சுது அத்தை?"