பலகைக்கு இடம்

பூங்காவின் சிமெண்ட் பெஞ்சுக்குப் பின்னால் ஒருநாள் புதிதாகத் தகரப் பலகை ஒன்றை நட்டார்கள். ‘தனிமை வேண்டாம். மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று அதில் எழுதியிருந்தது.

“நான் அரசாங்கத்தின் மனநலத் திட்டத்தில் வந்தவன். நீ எதில் வந்தாய்?” என்று பலகை கேட்டது.

“ஞாபகமில்லை. உட்காருவதற்குப் போட்டார்கள்,” என்றது பெஞ்சு அலுப்பாக.

தினமும் சாயங்காலம் ஆலிஸ் டீச்சர் வந்து அந்தப் பெஞ்சில் உட்காருவார். கணவர் இறந்த பிறகு வீட்டில் அவருக்குப் பேச ஆளில்லை. இட்லிக்கடை செண்பகவல்லியும் வந்து பக்கத்தில் உட்காருவாள். மாவு புளித்துப்போனது, கொசுத்தொல்லை என்று எதையாவது பேசிவிட்டு எழுந்து போவார்கள்.

“இதெல்லாம் ஒரு பேச்சா? இவர்கள் தலை என்னை மறைக்கிறது,” என்றது பலகை.

பலகையின் திறப்பு விழாவில் எடுத்த படத்திலும் பெஞ்சு மறைத்ததில் அது பாதிதான் விழுந்தது. அதனால் பெஞ்சைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். “எனக்கும் முதுகு விட்டுப்போச்சு,” என்று சொல்லிக்கொண்டே அது போனது.

மறுநாள் டீச்சர் வந்து பலகையை இரண்டு முறை படித்தார். மூட்டு வலியில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

“உக்கார எடமில்லையா டீச்சர்? சரி, இன்னொரு நாள் பேசுவோம்,” என்று சொல்லிவிட்டு செண்பகவல்லி போய்விட்டாள். அப்புறம் இருவருமே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, பெஞ்சின் நிழலில் படுத்துப் பழகிய நாய் அந்தப் பக்கம் வந்தது.

“கொஞ்சம் இரேன்,” என்றது பலகை. “யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறது.”

“இந்த வெயிலில் நின்றுகொண்டா?” என்று கேட்டுவிட்டு நாய் நடையைக் கட்டியது.