விழாத சுவிட்ச்

கேக் பாதி வேகும்போதெல்லாம் ட்ரிப் சுவிட்ச் டப்பென்று விழுந்துவிடும். புது ஓவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு என் மேல என்ன பொறாமை?"

"பொறாமை இல்ல, தம்பி. சுவத்துக்குள்ள இருக்கற ஒயர் மெலிசு. நீ இழுக்கறதை அவன் தாங்க மாட்டான்" என்றது சுவிட்ச்.

"நான் ஒயரையா கேட்டேன்?"

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். சுவரை உடைத்து, தடிமனான ஒயர் போட வேண்டும் என்றார்.

"பெயின்ட் அடிச்சுப் பத்து நாள்தான் ஆகுது. சுவத்துல கை வைக்காதீங்க, பெரிய சுவிட்சா மாட்டிடுங்க" என்றாள் வீட்டுக்காரி மெர்லின். அவர் தலையைச் சொறிந்துகொண்டே மாட்டினார். பழைய சுவிட்ச் மேசை டிராயருக்குப் போனது.

புது சுவிட்ச் விழவே இல்லை. கேக் பொன்னிறமாக எழும்பியது.

"சுவிட்ச்னா இவர்தான்!" என்றது ஓவன்.

"அண்ணே, எனக்குச் சுடுது" என்றது சுவருக்குள்ளிருந்து ஒயர்.

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றது புது சுவிட்ச். அது பொய் சொல்லவில்லை.

சுவரில் புதுப் பெயின்ட்டும் மெல்லப் பழுப்பேறத் தொடங்கியது.

டிராயருக்குள் கிடந்த பழைய சுவிட்சுக்கு ஒயரின் குரல் கேட்டது. பதறிப்போய் விழப் பார்த்தது. அது ஏற்கெனவே விழுந்துதான் கிடந்தது.