கைபடாத காசு

"கையால தொடாத, ஹம்சா. விரல் எண்ணெய் பட்டாலே விலை இறங்கிடும்" என்றார் கருப்பசாமி. சமையல் மேடையில், விரித்த டிஷ்யூவின் மேல் ஒரு பழைய ஒரு சென்ட் காசு கிடந்தது. கையுறை எடுத்து வரக் கராஜுக்குப் போனார். கல்லில் தோசை கருகியும் ஆளைக் காணோமே என்று ஹம்சா போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்றோடு பன்னிரண்டு நாள். அமெரிக்காவின் டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் இருந்த அந்த வீட்டை, டப்ளினிலிருந்து வந்த மகன் சுஹாஸ் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தான். சோபா மெத்தைகள் தரையில் கிடந்தன. வாக்குவம் பையைக் கிழித்துக் கொட்டியாயிற்று. அஸ்தி கரைக்கக் கால்வெஸ்டன் கடலுக்குக் கொண்டுபோன பையைக்கூட உதறிப் பார்த்துவிட்டான்.

நேற்று காசு வியாபாரி ஒருவர் போன் செய்ததிலிருந்துதான் இந்தப் பாடு. 1943இல் யுத்தத்துக்குத் தாமிரம் தேவைப்பட்டதால் சென்ட் காசை எஃகில் அடித்தார்கள். தவறிப்போய்த் தாமிரத்தில் விழுந்தவை வெகு சில. "உங்க அப்பா அனுப்பிய போட்டோவில் இருப்பது அதுதான். இரண்டு லட்சம் டாலருக்குக் குறையாது" என்றிருந்தார்.

"அப்பா பேங்க்ல வாங்கித் தேடுற காயினையும் அன்னன்னிக்கே திருப்பிக் குடுத்துடுவார். நம்ம வீட்டுல வேற காயினே கிடையாதும்மா. எல்லாமே கார்டு. கீழ விழுந்திருந்தா கண்ணுல பட்டிருக்கணும்ல?"

ஹம்சா ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முப்பது வருஷம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து அந்த மனுஷன் தேடியது. கிடைத்த மறுநாளே அவரும் இல்லை, அதுவும் இல்லை. ஃப்யூனரல் ஹோமில் அவர் கால்மாட்டிலேயே நின்றுவிட்டவள் அவள். மாலைக்குள் இருந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை. இப்போது சமையல் மேடைப் பக்கம் பார்க்கவும் வரவில்லை.

"கிச்சனை யாரு க்ளீன் பண்ணது?"

"ராஜலக்ஷ்மிதான்."

"அப்ப அவங்கதான் எடுத்திருக்காங்க."

"டேய்! பன்னெண்டு நாளா நமக்குச் சோறு போடுறவடா அவ. இந்த ஊர்ல எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

"ஸோ வாட்? நாளைக்கு போலீஸ்ல கம்ப்ளெயின்ட் பண்ணப் போறேன்."

அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி, இரண்டு டப்பாக்களோடு உள்ளே வந்தாள்.

"என்னடா இது, வீட்டைக் காலி பண்றீங்களா? ரசம் சூடா இருக்கு. முதல்ல அம்மாவைச் சாப்பிட வை."

"ஆன்ட்டி, இங்க டிஷ்யூல ஒரு பென்னி இருந்துச்சு. நீங்க எடுத்தீங்களா?"

"ஆமா, எடுத்தேன்."

ஹம்சாவின் நடை நின்றது. ராஜலக்ஷ்மியோ நிதானமாக டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"கிவ் இட் பேக், ஆன்ட்டி! இப்பவே!"

"ஒரு காசுக்கா இந்தக் கத்து கத்தறே? ஃப்யூனரல் ஹோமுக்குக் கிளம்பறப்போ யார் பர்ஸ்லயும் சில்லறை இல்ல. இதுதான் கண்ணுல பட்டுது. நான் என்ன வீட்டுக்கா கொண்டுபோனேன்? அங்க போனதும் உன் கையிலதானே குடுத்தேன்?"

"என் கையிலயா?"

சுஹாஸ் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"மறந்துட்டியா? சந்தனத்தைத் தொட்டு, அப்பா நெத்தியில நீதானேடா ஒட்டினே!"

ஹம்சா அந்தக் காசைக் கடைசிவரை கையால் தொடவே இல்லை.