ஆறடி மீனும் ஒரு மீசையும்

“சம்பந்தி, முகத்தைக் கழுவிட்டு வர்றீங்களா, இல்ல இப்படியே ஆரம்பிச்சுடலாமா?”

மாமனாரின் குரலில் தேன் ஒழுகியது. டீப்பாயின் மேல் எல்லாம் தயாராக இருந்தன. கிண்ணம் நிறைய சோப்பு நுரை, பிரஷ், புது பிளேடு மாட்டிய ரேசர், மடித்து வைத்த துண்டு. போதாக்குறைக்கு ஒரு கைக்கண்ணாடி.

மருமகள் காபித் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு பக்கம் பெற்ற அப்பா, மறுபக்கம் புகுந்த வீட்டுப் பெரியவர். சொத்து இரண்டு வீட்டிலும் சுமார்தான். மீசை மட்டும் இருவருக்கும் குறைவில்லை.

எல்லா வினைக்கும் காரணம் சோபாவுக்கு மேலே தொங்கிய அந்தப் புகைப்படம். ஆறு வருடத்துக்கு முன் மாமனார் வெளிநாட்டுக்குப் போய், பெரிய ஏரி ஒன்றில் தூண்டில் போட்டுப் பிடித்த மீன். இரண்டு கைகளையும் கேமராவை நோக்கி நீட்டி, மீனை ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். மீன் படத்தையே அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழப் பருமன். பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். ஆகவே ஆறடி மீனுக்கு இந்தப் படமும் மாமனாரின் வாயும்தான் சாட்சி.

அப்பா எப்போது வந்தாலும் அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார வைப்பார்கள். காபி வருவதற்குள் மீன் வந்துவிடும். அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் போன வருடம், உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் மாமனார் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

“உங்க வம்சத்துல யாராவது ஒரு கெண்டைக் குஞ்சாவது பிடிச்சதுண்டா சம்பந்தி?”

தன்னைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். வம்சத்தைச் சொன்னால் மானஸ்தன் சும்மா இருப்பானா?

“அதே ஏரிக்கு நானும் போறேன். நீங்க பிடிச்சதை விடப் பெருசா பிடிக்கலேன்னா, இதே கூடத்துல உட்கார்ந்து மீசையை எடுத்துக்கறேன்.”

“பிடிச்சுட்டீங்கன்னா நான் எடுத்துக்கறேன்!” என்று மாமனாரும் சவால் விட்டார்.

அப்பா போனார், வந்தார். வந்ததும் நேராக இங்கேதான்.

“எத்தனை அடி சம்பந்தி? கூச்சப்படாம சொல்லுங்க.”

“நாலடி,” என்றார் அப்பா.

மாமனார் தொடையில் தட்டிச் சிரித்தார். “நாலடியா! என் மீனோட வாலே அவ்வளவு இருக்குமே!”

மருமகள் அப்பாவை முறைத்தாள். ஓர் ஏழடி என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? யார் போய் அளக்கப் போகிறார்கள்? இனி ஆயுசுக்கும் இந்த வீட்டில் தன் பிறந்த வீட்டுக்குத் தலைகுனிவுதான்.

அவள் கணவன் மாமனாரிடம் கெஞ்சிப் பார்த்தான். “அப்பா, ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது, விடுங்களேன்.”

“வேண்டாம் மாப்பிள்ளை,” அப்பா கையை உயர்த்தினார். “எங்க வம்சத்துல வாக்கு மாறுனவங்க கிடையாது.” துண்டை எடுத்துத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டார். “ஒரே ஒரு ஆசை. உங்க மீன் கதையைக் கடைசியா ஒருதரம் சொல்லுங்க. மீசையோட கேட்டுக்கறேன்.”

“பேஷா!” மாமனார் எழுந்து படத்தின் அருகே போய் நின்றார். “ஆறடி! இம்மி குறையாது. அது இழுத்த இழுப்புல படகே சாஞ்சு போச்சு. நான் அசையலையே!”

“வீட்டுல எலி வந்தா கட்டில் மேல ஏறி நிக்கிற மனுஷன்,” என்றாள் மாமியார், பொதுவாகச் சுவரைப் பார்த்து.

மாமனார் காதில் வாங்கவில்லை. “இந்த வாலைப் பாருங்க, மேல்பக்கம் முக்கோணமா பிஞ்சிருக்கு. கண்ணுக்குக் கீழே பிறை மாதிரி வெள்ளைத் தழும்பு. ‘இந்த அடையாளத்தோட ஏரியிலேயே வேற மீன் கிடையாது’ன்னு படகோட்டியே அடிச்சுச் சொன்னான்.”

“வேற மீனே கிடையாதா?”

“கிடையவே கிடையாது.”

“ஆறடிங்கறதும் சத்தியம்தானா?”

“என் மீசை மேல சத்தியம்!”

அப்பா மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு புகைப்படத்தை எடுத்தார். மாமனாரிடம் கொடுக்கவில்லை.

“சம்பந்தியம்மா, கண்ணாடி போட்டிருக்கீங்க. நான் பிடிச்ச மீனை நீங்களே ஒருதரம் பார்த்துடுங்க.”

படகின் பலகையில் அளவுகோலை ஒட்டிக் கிடத்தியிருந்த மீன். மூக்கு முதல் வால் வரை சரியாக நாலடி. மாமியார் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி கையில், மறுபடி சுவரில். மருமகளும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வாலில் அதே முக்கோணக் கிழிசல். கண்ணுக்குக் கீழே அதே பிறைத் தழும்பு.

“ஏங்க,” என்றாள் மாமியார், “இது நம்ம மீனாச்சே!”

அப்பா கழுத்திலிருந்த துண்டை உருவி, நாலாக மடித்து, மரியாதையாக இரண்டு கைகளாலும் நீட்டினார்.

“ஆறு வருஷத்துல மீன் வளருமா, குறையுமா சம்பந்தி?”

மாமனாரின் வாய் மீனைப் போலவே திறந்து திறந்து மூடியது. மாமியார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு பிரஷைக் கையில் எடுத்தாள்.

“இப்படி வந்து உட்காருங்க. நுரை காயுது.”