ஆரம்பத்துக்குப் போகாதவர்

“அந்தக் கண்றாவியை இப்பத் திறக்கணுமாக்கும்? வைரஸ் கிரஸ் வந்துறப் போகுது,” என்றாள் ஜோதிலட்சுமி, அடுப்படியில் இருந்தபடியே.

“இருபத்தெட்டு வருசத்துப் பழைய ஃபைல்ல என்னம்மா வைரஸ்? அப்பா, நீங்க திறங்க,” என்று மகள் திரிஷா சிரித்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. லீவுக்குத் தேனிக்கு வந்திருந்தாள்.

பாண்டீஸ்வரன் லேப்டாப் முன்னால் பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். காலையில்தான் ஞானதுரை வந்து ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கூடப் படித்தவர், இப்போது அதே கல்லூரியில் லேப் பொறுப்பு. பழைய சர்வரை எடைக்குப் போடுவதற்கு முன் அதில் கிடந்ததை எல்லாம் காப்பி எடுத்தாராம். “மாப்ள, உன் பேர்ல ஒண்ணு கெடக்குடா” என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

“அப்படி என்ன ஃபைலுப்பா அது?”

“நானும் உங்கம்மாவும் காலேஜ்ல ஒரே பேட்ச்சுதேன். அப்ப ஊருக்குள்ள ஏசின்னா எங்க லேப்லதேன். செருப்பை வெளிய விட்டுட்டு, கோயிலுக்குள்ள போற மாதிரி போவோம். அடிக்கிறதை ஃபைல்ல எழுதணும், திருப்பிப் படிச்சும் காட்டணும், அப்படி ஒரு புரோகிராம் போடச் சொன்னாக. போட்டோம். கடைசி நாளு நான் இவகிட்ட ஒரு கேள்வி கேட்டேன்.”

“என்னன்னு?”

“வீட்டுக்கு வந்து பொண்ணு கேக்கவான்னுதேன். வாயால சொல்ல மாட்டேன், இதுல அடிச்சு வைக்கிறேன்னா. அடிச்சா, விறுவிறுன்னு கம்பம் பஸ் ஏறிப் போயிட்டா. நான் அப்படியே அதே இடத்துல உக்காந்து ‘படி’ன்னு தட்டுனேன். ஒரு எழுத்து வரல. வெறும் திரை.”

திரிஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ அப்பா. ஃபைலைத் திறந்ததும், நாம எந்த இடத்துல நிக்கிறோம்னு கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற கெர்னல் குறிச்சு வச்சுக்கும். எழுத எழுத அந்த இடம் நகந்துக்கிட்டே போகும். எழுதி முடிச்ச இடத்துல நின்னுக்கிட்டு படின்னா, அதுக்கு அங்கிட்டு என்ன இருக்கு படிக்க? கேசட்ல பதிவு பண்ணிட்டு, ரீவைண்ட் பண்ணாமலே பாட்டுக் கேட்ட கதை. ஆரம்பத்துக்குப் போன்னு ஒரு வரி போட்டிருக்கணும்.”

“இப்பச் சொல்லு. அன்னைக்கு என் மண்டைக்கு எட்டல. பதில் சொல்லக்கூட இவளுக்கு மனசில்லன்னு நெனச்சுக்கிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு, பழனிசெட்டிபட்டி அத்தை மூலமா இவ ஜாதகமே எங்க வீட்டுக்கு வருது. பொருத்தம் பாக்க முன்னாடியே சரின்னுட்டேன்.”

“அப்ப அம்மா என்ன எழுதுனாங்கன்னு எப்பத் தெரிஞ்சுது?”

“தலைத் தீவாளிக்குக் கேட்டேன், ஏன் அன்னைக்கு ஒண்ணுமே எழுதலன்னு. தலையைக் குனிஞ்சு மத்தாப்புக் குச்சியை ஒடிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம், ‘வரச் சொல்லித்தான எழுதுனேன்’னா. அப்பத்தேன் எனக்கு உறைச்சுச்சு, ஆரம்பத்துக்குப் போகாம படிச்சுத் தொலைச்சுட்டமேன்னு.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் ஜோதிலட்சுமி ஜெயித்துவிடுவாள். “ஆரம்பத்துக்குப் போகத் தெரியாத ஆளு” என்பாள், மனுசன் கப்சிப். வரச் சொல்லிவிட்டு, ரெண்டு வருசம் தெருவைப் பார்த்துக்கொண்டு எப்படித் தவித்திருப்பாள் என்ற நினைப்பு இன்றைக்கும் அவர் நெஞ்சை அறுக்கும். தான் பார்க்காமல் விட்ட அந்தச் சம்மதத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

“ஏத்தா திரிஷா, இங்கன வந்து தேங்காயைத் துருவு,” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “பெத்தவுக எழுதுனதைப் பிள்ளை படிக்கக் கூடாது.”

திரிஷா முனகிக்கொண்டே எழுந்து போனாள். பாண்டீஸ்வரன் ஃபைலைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் படித்தார்.

“என்னப்பா, சத்தத்தையே காணோம்?”

அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

“இருத்தா. இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சு வச்சிருக்கா, படிக்கச் செரமமா இருக்கு.” திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். “‘எனக்குச் சம்மதம். சீக்கிரம் வீட்டுக்கு வந்து கேளுங்க.’ இம்புட்டுதேன்.”

ஜோதிலட்சுமி ஈரக் கையோடு வந்து வாசல்படியில் நின்றாள். லேப்டாப்பைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

“அப்படியா எழுதியிருக்கேன்?”

“ஒரு எழுத்து மாறல. இத்தனை வருசமா நீ சொன்னதேதேன்.” சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மூடினார்.

அவள் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டின நாளிலிருந்து மகள் முன்னால் அப்படிப் பிடித்ததே இல்லை.

“அன்னைக்கு நான் ஆரம்பத்துக்குப் போகாததும் நல்லதுக்குத்தேன் லட்சுமி,” என்றார் பாண்டீஸ்வரன்.

“ரெண்டு வருசம் வீணாப் போச்சேப்பா, அதுல என்ன நல்லது?” என்றாள் திரிஷா, கையில் தேங்காய் மூடியோடு.

அவர் மறு கையால் பென் டிரைவைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். ஃபைலின் ஆரம்பத்தில் இருந்தது இவ்வளவுதான்: “எனக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. தயவுசெஞ்சு எங்க வீட்டுப் பக்கம் வந்துராதீக.”