படம் காட்டும் சாஃப்ட்வேர்

"மாசாமாசம் ரெண்டு மடங்கு கட்டணும் அத்தை! காசு என்ன கொட்டியா கிடக்கு?"

மருமகளுக்கு எரிச்சல் பொங்கியது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் தேடிப் பிடித்த சாஃப்ட்வேர் லேப்டாப்பில் திறந்து கிடந்தது. பில் போடும், வரிக் கணக்குப் பார்க்கும், எந்த டப்பா தீர்ந்தது என்று சொல்லும், வாடிக்கையாளர் போன் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஒரு சின்ன பெயிண்ட் கடைக்கு இதற்கு மேல் என்ன வேண்டிக் கிடக்கிறது?

மாமியாருக்கு வேண்டியிருந்தது.

"உன்னோடதுல ஆள் படம் வராதே."

"படம் எதுக்கு? நாம என்ன கல்யாணத் தரகா பண்றோம்?"

இன்னொரு சாஃப்ட்வேரை விற்க வந்திருந்தவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். "அம்மா சரியாப் பிடிச்சாங்க. போன் அடிச்சாப் போதும், ஆளோட படம், பேரு, வீட்டுல யார் யாரு, போன தடவை எந்த ரூமுக்கு என்ன கலர், எல்லாம் பெருசா வந்து நிக்கும்."

"போன் பண்ணாம நேரா வந்து நின்னா?"

"வாசல்ல ஒரு கேமரா மாட்டிடுவோம்மா. ஆள் படியேறும்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிடும். அதுக்குத்தான் கூடுதல் காசு."

"மாட்டிடுங்க" என்றாள் மாமியார்.

பெயிண்ட் கலக்குகிற குச்சியைக்கூடத் துடைத்துத் துடைத்து எடுத்து வைக்கிற மனுஷி! மருமகள் மாமனாரைப் பார்த்தாள். 'நீங்களாவது சொல்லுங்களேன்.'

அவர் சொன்னார். "எதுக்கு இந்த வெட்டிச் செலவு? எந்த வீட்டுச் சுவத்துல என்ன கலர்னு எல்லாம் என் மண்டையில இருக்கு."

அதில் பொய் இல்லை. கடையே அவர் வாயால்தான் ஓடியது. அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பெரிய கடை வந்த பிறகும், "மாடி ரூம் பச்சை நின்னுதா? பையன் பரீட்சை எழுதிட்டானா?" என்று கேட்கிற மனுஷனுக்காகத்தான் ஆட்கள் இங்கே வந்தார்கள். அது போனால் கடையும் போச்சு.

அப்போதுதான் ஒரு பெண்மணி படியேறி வந்தாள். மாமனார் முகம் மலர எழுந்தார்.

"வாங்க, வாங்க..."

அவர் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் மாமியார் குறுக்கே விழுந்தாள். "அடடே, டீச்சரம்மா! சமையல் ரூமுக்கு மஞ்சள் வாங்கிட்டுப் போனீங்களே, எப்படி இருக்கு?"

"பிரமாதம்! இப்ப ஹாலுக்கு. ஐயாதான் கலர் சொல்லணும்."

"டீச்சரம்மா வீட்டு ஹாலுக்கு நான் சொல்லாம வேற யார் சொல்றது?" என்று சிரித்தபடி மாமனார் அவளைக் கடையின் பின்பக்கம், கலர் அட்டைகள் பக்கம் அழைத்துப் போனார்.

மருமகள் பல்லைக் கடித்தாள். கொஞ்ச நாளாக இதே கூத்துதான். மனுஷன் வாயைத் திறப்பதற்குள் இவள் மூக்கை நுழைத்துவிடுவாள். போன் வந்தாலும் பிடுங்கிப் பேசுவாள். அடக்கி வைத்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏன் அத்தை, மாமாவை ரெண்டு வார்த்தை பேச விட்டா என்ன? இப்பவும் அவர் வேணாம்னு சொல்றார், காதுலயே வாங்க மாட்டேங்கறீங்க. எல்லாத்துலயும் உங்க கொடிதான் பறக்கணுமா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு நல்ல சண்டைக்கு இது போதும். ஆனால் மாமியார் சண்டைக்கு வரவில்லை. விற்பனைக்காரனை, "வாசல்ல எந்த இடம் தோதுன்னு பாருங்க தம்பி" என்று அனுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் முட்டி வலி. தினம் வந்து அவர் பக்கத்துல உக்கார முடியலை. நான் இல்லாதப்ப யாரு எடுத்துக் குடுப்பா?"

"என்னத்தை?"

"பேரை."

மருமகளுக்குப் புரியச் சற்று நேரமானது. "மாமாவுக்கா? எல்லாக் கலரும் கடகடன்னு சொல்றாரே!"

"கலர் எல்லாம் நிக்குது. முகம்தான் நழுவுது. நான் 'டீச்சரம்மா'ன்னு எடுத்துக் குடுத்தா, பிடிச்சுக்கிட்டு ஓடிடுவார். அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கார். நானும் அப்படியே இருக்கேன். ஊருக்குத் தெரிஞ்சா, 'பாவம்'னு சொல்லிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க. அப்புறம் அவர் எதுக்குக் காலையில எழுந்திரிக்கணும்?"

பின்பக்கத்திலிருந்து மாமனாரின் சிரிப்பு கேட்டது. "வெயில் படற சுவத்துக்கு அந்த நீலம் வேணாம் டீச்சரம்மா, வெளுத்துடும்."

மருமகள் தன் லேப்டாப்பை மூடினாள். விற்பனைக்காரன் வைத்துவிட்டுப் போன டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யார் படத்தை முதல்ல ஏத்தணும் அத்தை? டீச்சரம்மாவையா?"

மாமியார் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"என்னை எடு. பேரெல்லாம் வேணாம். கீழ 'பொண்டாட்டி'ன்னு மட்டும் கொட்டை எழுத்துல போடு. இன்னிக்குக் காலையில காபி கொண்டுபோய் நீட்டறேன், என்னைப் பார்த்து, 'வாங்கம்மா, எந்த ரூமுக்குக் கலர் வேணும்'னு கேட்டார்."